டீச்சர் கண்டதாகச் சொன்ன வண்ணத்துப்பூச்சி

என் அடுக்களை ஜன்னலில் ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. அதன் வாயைக் கொசுவலைத் துண்டால் மூடி நூல் கட்டியிருக்கும். வலை பழுத்துப் போய்விட்டது. எறிய மனசு வரவில்லை.

அது கோட்டாற்றில் நான் வீட்டுவேலை பார்த்த டீச்சருடையது. அந்த வருடம் அவருக்கு மார்பில் கட்டி வந்து, மருந்து ஏற்றி முடியெல்லாம் கொட்டியிருந்தது. மகளும் மகனும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம் என்றுதான் புழு வளர்க்கத் தொடங்கினார் என்று நினைக்கிறேன். எருக்கிலை தின்னும் புழு. கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாய் வரி போட்டிருக்கும். எருக்கம்பால் பிள்ளைகளின் கண்ணில் படக்கூடாது என்பதால் இலை பறிப்பது என் வேலை. "ஏட்டி, இது உன்னவிட நல்லா திங்குது பாரு" என்று டீச்சர் மகளைக் கேலி செய்வார். "அதுக்கு நீங்க பாவக்கா வைக்கலியே" என்பாள் அவள்.

இருந்த மூன்று புழுக்களில் இரண்டு செத்துப்போயின. மிச்சமிருந்த ஒன்று, சின்னவன் வலையைச் சரியாகக் கட்டாத ஒரு நாள், குப்பியை விட்டு இறங்கிப் போய்விட்டது. பிள்ளைகள் கட்டிலுக்கடியில் எல்லாம் தேடினார்கள். "கூடு கட்ட எடம் தேடிப் போயிருக்கும் மக்கா. பறந்து வரும், பாருங்க" என்றார் டீச்சர். கிறிஸ்மஸ் கழிந்ததும் அவருக்குத் திருவனந்தபுரத்தில் ஆபரேஷன். அதற்கு முன்னால் பிள்ளைகளோடு நின்று அது பறப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்காமல் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். பின்சுவரை நானே அடிக்கிறேன் என்று சொன்னது நான்தான். சுண்ணாம்பில் நார் மட்டையை முக்கி அடித்துக்கொண்டே போனேன். ஜன்னல் பலகையின் அடியில் இழுத்தபோது என்னவோ தட்டியது. குனிந்து பார்த்தால், விரல்நுனி அளவில் பச்சையாய், பொன்பொட்டு வைத்த ஒரு கூடு. பாதிக்கு மேல் சுண்ணாம்பு. தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க உடைந்தது.

அதை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பினால், டீச்சர் கதவைப் பிடித்தபடி நிற்கிறார்.  என் முந்தானை முடிச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஓடி வந்து "என்னம்மா?" என்றார்கள். டீச்சர் வானத்தைக் காட்டினார். "இப்பதான் மக்கா பறந்து போச்சு. நான் கண்டேன். நல்ல ஆரஞ்சு நெறம்." பொய் சொன்னால் பிள்ளைகளை முட்டுப்போட்டு நிற்க வைக்கிற டீச்சர் அவர். சின்னவன் மட்டும், "எங்கள கூப்பிடாம போச்சே" என்று அழுதான்.

ஆபரேஷனுக்குப் போன டீச்சரைப் பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள்.

போன மாதம் மகள் என்னைப் பார்க்க வந்தாள். இப்போது நர்ஸ் வேலை பார்க்கிறாள். குப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பெரியம்மை, அம்மா அன்னைக்குக் கண்டாங்கல்லா. பக்கத்துல நீங்கதானே நின்னிய. நீங்களும் கண்டியளா?" என்றாள். இவளிடம் என்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். சொன்னால் என் பாரம் இறங்கும். ஆனால் அவளுக்கு அம்மா காட்டிக்கொடுத்த அந்த வானம் போய்விடும்.

"கண்டேன் மக்கா. ஓட்டுக்கு மேல ஏறிப் போச்சு" என்றேன்.

அவள் குப்பியை முந்தானையால் துடைத்து, தளர்ந்திருந்த வலையை இறுக்கிக் கட்டி, ஜன்னலில் வைத்தாள்.