அரிசி மேல் ஒரு கைத்தடம்

என் பிள்ளைகளே, இன்று அரிசித் தாழியின் மூடியைத் திறந்துபோட்டுவிட்டு விளையாட ஓடுகிறீர்கள். அந்த மூடிக்கு அடியில் உங்கள் அம்மாவின் கைத்தடம் இருந்த காலம் ஒன்று உண்டு. ரங்கூன் அரிசிக் கப்பல்கள் வராமல் நின்றுபோன வருஷம் அது. உங்களில் பெரியவர்கள் இருவர்தான் அப்போது பிறந்திருந்தீர்கள். துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த எனக்குக் காலையில் கடலைப் பார்ப்பதற்கே பயம். கடைக்காரர்கள் கதவைப் பாதி சாத்திக்கொண்டு விற்றார்கள். உங்கள் அம்மா, வீட்டில் இருந்த அரிசியைத் தாழியில் கொட்டி, வண்டு வராமல் காய்ந்த மிளகாய் போட்டு, வேளைக்கு வேளை பால் டின்னால் அளந்து எடுப்பாள். எடுத்தபின் மேற்பரப்பைச் சமமாகத் தட்டி, உள்ளங்கையை அழுத்திப் பதித்து மூடுவாள். யார் தொட்டாலும் தெரிந்துவிடும். அடுத்த கப்பல்வரை அந்த அரிசி தாங்கியாக வேண்டும்.

ஒரு மாலை தடம் கலைந்து கிடந்தது. நான் ரோத்தான் பிரம்பைக் கையில் எடுத்தேன். பெரியவன் சுவரோடு ஒட்டி நின்றான்.

“யாருக்குடா கொடுத்த?”

“யாருக்கும் இல்லப்பா. பசிச்சிச்சு. வெறும் அரிசியத்தான் மென்னேன்.”

“நேத்து அடிப்பிடிச்சதையும் சுரண்டித் தின்னுட்டான்பா, பூனைக்குக்கூட விடல!” என்றாள் அவன் தங்கை.

உங்கள் அம்மா குறுக்கே வந்து அவன் கையைப் பிடித்து நீட்டினாள். “ரோத்தான கீழ வைங்க. கிறிஸ்மஸுக்குத் தைச்ச சட்டை இது. சட்டைக்கை எங்க நிக்குது பாருங்க. பிள்ளை வளர்ந்துட்டான், என் டின்னு வளரல.”

அன்று சோறு முதலில் பிள்ளைகள் தட்டுக்குப் போனது. என் தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்ச் சம்பலும் மட்டும். எங்கள் வீட்டில் அதுவரை நடக்காத காரியம்.

“வேலைக்குப் போற ஆளு நான்,” என்றேன்.

“நாம வளர்ந்து முடிச்சாச்சுங்க. இனிமே நீங்க வளர்ந்தா அகலமாத்தான் வளரணும்.”

யாரும் சிரிக்கவில்லை. மகன் சோற்றில் கை வைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ரோத்தான் இன்னும் என் பக்கத்தில்தான் கிடந்தது. நான் கிழங்கைப் பிட்டு வாயில் போட்ட பிறகுதான் அவன் முதல் கவளத்தை எடுத்தான். உங்கள் அம்மாவும் கிழங்கோடு உட்கார்ந்தாள்.

கப்பல் வந்தபோது தாழியின் அடி தெரிந்துகொண்டிருந்தது. ஆனால் அதுவரை ஒரு பிள்ளையும் பசியோடு படுக்கவில்லை. கப்பல் வருவதற்கு முன் ஒரு நாள் காலை, கிட்டங்கியின் பின்புறம் ஆள் இல்லாத நேரம் பார்த்து, இடுப்பு வாரைக் கழற்றி, ஓர் ஆணியால் அதில் கடைசித் துளைக்கும் உள்ளே தள்ளி, இறுக்கிக் கட்டப் புதிதாக ஒரு துளை போட்டுக்கொண்டேன்.