அஷ்டமிக்கு முன் ஓர் அட்மிஷன்

தொழில்நுட்பக் கல்வி அலுவலகத்தில் அங்கீகாரக் கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். அதனால் குடும்பத்தில் யாருக்குக் கல்லூரியில் சேர்க்கை என்றாலும் என்னையும் காரில் ஏற்றிக்கொள்வார்கள். நான் சொல்வதைக் கேட்பதற்காக அல்ல.

போன வருடம் தங்கை மகளுக்காக, வாடிப்பட்டி தாண்டி ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். அவளுக்கு சிவில் படிக்க ஆசை. அரசு கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியல் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். அவள் அப்பாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. "பொம்பளப் புள்ள வெயில்ல நின்னு செங்கல் எண்ணவா?" என்று இங்கே கம்ப்யூட்டருக்கு முன்பணம் கட்டக் கிளம்பிவிட்டார். கட்டினால் திரும்ப வராது. சிவில் ஆசையும் அத்தோடு முடிந்தது. மதியம் அஷ்டமி பிறக்கிறது, அடுத்து நவமி. அதற்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்பது அவர் ஏற்பாடு.

கவுண்டரில் கோட்டு அணிந்த பெண் ஒரு பட்டியலை நீட்டினார். முழுக்கக் கம்ப்யூட்டர் படிப்புகள், வால் மட்டும் வேறு வேறு. இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

"சிலபஸ் ஒண்ணுதான் சார். பேர் வேற."

தங்கை மகள் மெதுவாக, "மாமா, இந்தக் காலேஜ் எப்ப ஆரம்பிச்சதுன்னு கேளுங்களேன்" என்றாள்.

நல்ல கேள்வி. கேட்டேன். சுவரில் பட்டு அங்கவஸ்திரத்தோடு நிறுவனர் படம். அதன் கீழே ஒரு தொடக்க ஆண்டு. கையேட்டில் வேறொன்று. வாசல் வளைவில் மூன்றாவது. முதலில் தொழிற்பயிற்சிக் கூடம், பிறகு பாலிடெக்னிக், பிறகு பொறியியல் கல்லூரி, கடைசியில் பல்கலைக்கழகம் என்று அந்தப் பெண் விளக்கினார். அப்படியானால் பாலிடெக்னிக்கின் அனுமதி ரத்தானதா, மாற்றப்பட்டதா? அவருக்குத் தெரியவில்லை. மேலாளர் வந்தார். அவருக்கும் தெரியவில்லை. டீ வந்தது.

"மச்சான், நீங்க இன்ஸ்பெக்சனுக்கா வந்தீக?" என்றார் தங்கை கணவர்.

"இருங்க மாப்ள. பட்டம் யார் பேர்ல தருவாங்கன்னு தெரிய வேணாமா?"

"அதையும் கேட்டுருங்க மாமா," என்றாள் அவள், விண்ணப்பம் நிரப்பக் கொடுத்த பேனாவை மூடியபடி.

மேலாளர் ஒரு கோப்பைத் தேடி எடுத்து வந்தபோது, தங்கை கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். அஷ்டமி பிறந்துவிட்டது. "நவமி கழிச்சு வாரோம்மா," என்று கவுண்டர் பெண்ணிடம் சொன்னார்.

நவமி கழிவதற்குள் கவுன்சிலிங் முடிவு வந்தது. அரசுக் கல்லூரியில் சிவில். ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்த தங்கை கணவர், மறுநாள், "தானா வந்த சீட்ட வேணாம்னா சாமி குத்தமாயிரும்" என்று தன் வழியிலேயே இறங்கி வந்தார்.

வேண்டுமென்றுதான் என்னைக் கேட்கவைத்தாயா என்று அவளிடம் விசாரித்தேன்.

"நீங்க கேட்டது பூராம் முறையான கேள்விதான மாமா," என்றாள்.

முறையான கேள்விகள்தான். எனக்குத்தான் இன்றுவரை பதில் விளங்கவில்லை. தொடக்க ஆண்டு எது என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டேன். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் படிப்பில் சேரச் சொல்லி என் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வந்துகொண்டிருக்கிறது.