பாதிக் கொட்டாவி

எங்கள் அலுவலகத்தில் மூட்டை அக்கா என்று ஒருத்தர் உண்டு. நாங்கள் செய்வது மந்திரவாதிகளும் பேசும் மரங்களும் உலவும் ஒரு கேம். அதை ஆடுகிறவர்கள் காடு காடாக அலைந்து சில்லறைப் பொருட்களைப் பொறுக்கி மூட்டையில் போட்டுக்கொள்வார்கள். இரண்டு மூன்றைச் சேர்த்துக் கூடாரம், படகு, வாள் என்று ஏதாவது செய்துகொள்வார்கள். அந்தப் பொருட்களைக் கற்பனை செய்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுவதுதான் அக்காவின் உத்தியோகம். இதற்கெல்லாமா சம்பளம் என்று கேட்காதீர்கள். கொடுக்கிறார்கள்.

பாம்பின் வலது கால் செருப்பு, நிலா வெளிச்சத்தில் காயவைத்த உப்பு, யானைத் தும்மலில் கிளம்பிய தூசி, எல்லாம் அக்காவின் மண்டையில் உதித்தவை. படம் வரைவது நான். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விடுவார், அவஸ்தைப்படுவது நான்தான். ஒரு நாள் பாதிக் கொட்டாவி வேண்டும் என்றார்.

“பாதியை எப்படிக்கா வரையறது?”

“வாயைத் திறக்கும்போதே யாரோ கூப்பிட்டுட்டாங்க. அப்படியே நின்னுபோச்சு. அதுதான்.”

சாயங்காலம் வரை மல்லுக்கட்டி, கடைசியில் ஒரு சின்னக் குடுவைக்குள் சோம்பலான புகையை அடைத்துக் கொடுத்தேன். அந்தச் சண்டையில் அக்கா ஒன்றை மறந்துவிட்டார். எந்தப் பொருளாக இருந்தாலும் அது எதைச் செய்ய உதவும் என்று படிவத்தில் ஒரு கட்டத்தில் குறிக்க வேண்டும். அந்தக் கட்டம் காலியாகவே போய்விட்டது. பாதிக் கொட்டாவியை வைத்துக்கொண்டு ஒரு துரும்பைக்கூடச் செய்ய முடியாது.

மூன்று வருடமாக இது எங்கள் யாருக்கும் தெரியாது. போன மாதம் குழுத் தலைவர், எதற்கும் உதவாத பொருட்களை வெள்ளிக்கிழமைக்குள் அழிக்கச் சொன்னபோதுதான் அகப்பட்டது. எத்தனை பேரிடம் இருக்கிறது என்று பார்த்த அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். பதினோராயிரம் பேர்! மூட்டையில் இருப்பதே அறுபது இடம். உதவாத ஒன்றை இத்தனை பேர் ஏன் தூக்கி எறியவில்லை? எனக்கும் மண்டை குடைந்தது.

விடை அக்காவின் வீட்டிலேயே இருந்தது. அவருடைய மாமியார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மத்தியானம் ஆனால் போதும், போனும் கையுமாக இந்தக் கேமில் உட்கார்ந்துவிடுவார். அக்கா அவருடைய மூட்டையை எட்டிப் பார்த்தார். முதல் இடத்திலேயே குடுவை.

“இதை எதுக்கு அத்தை வெச்சிருக்கீங்க?”

“மீதிப் பாதி எங்கேயாவது இருக்கும்ல? ரெண்டு வருஷமா தேடறேன். இதுக்கு இடம் வேணும்னு ஒரு படகையே தூக்கிப் போட்டேன், தெரியுமா?”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டுத் தெரிஞ்சுக்கறதுல என்ன இருக்கு? நானே கண்டுபிடிக்கணும்.”

மறுநாள் அக்கா தலைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, மீதிப் பாதியைச் சேர்க்க அனுமதி வாங்கிவிட்டார். சத்தமில்லாமல் எங்கேயாவது செருகிவிடுங்கள், மாமியாருக்குத் தெரியவா போகிறது என்றேன். என்மேல் பாய்ந்தார்.

“இல்லாததை ரெண்டு வருஷம் தேட வெச்சிருக்கேன். இதுல பொய் வேற சொல்லணுமா?”

புதன்கிழமை மாமியாரிடம் உண்மையைச் சொன்னார். மாமியார் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வியாழன் முழுக்கப் பேச்சு வார்த்தை இல்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் மேசையில் டொங்கென்று வந்து விழுந்ததாம். சொல்லித் தொலைத்தோமே என்று அக்கா என்னிடம் அழாத குறை.

வெள்ளிக்கிழமை காலை அக்கா செருப்பு மாட்டும்போது மாமியார் ஒரு நோட்டோடு வந்து நின்றார். பத்தொன்பது காடுகள், அவற்றின் குகைகள், கிணறுகள், மரப்பொந்துகள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்.

“இதெல்லாம் நான் தேடின இடம். இதுல இல்லாத இடமா பார்த்து வை.”

“சரி அத்தை.”

“எங்கேன்னு மட்டும் என்கிட்ட சொல்லிடாதே. சொன்னே, இந்த ஜென்மத்துல உன்கூடப் பேச மாட்டேன்.”