பொம்மிடிக்குப் போன கடைசிக் கேன் எண்ணெய்

இந்த வலைப்பூவில் ஆறு மாதமாக நான் எதுவும் எழுதவில்லை. "எண்ணெய் கார் எப்படி இருக்கிறது, அடுத்து எந்த ஊர்?" என்று கேட்டவர்களுக்கும் பதில் போடவில்லை. அந்தக் காரை ஓட்டியவர், என் கணவர் ராஜவேல், போன ஆடியில் இறந்துவிட்டார். தை முதல் வாரத்தில், சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் யாழினியை அழைத்துவர, பாலக்கோட்டிலிருந்து பொம்மிடி ரயில் நிலையம் வரை நானே அதை ஓட்டிப் போனேன். அந்தப் பயணத்தைத்தான் எழுதுகிறேன்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. எங்களுடையது பழைய டீசல் கார். அதில் இரண்டு டேங்க். ஒன்றில் டீசல், இன்னொன்றில் முறுக்குக் கடையில் பொரித்து முடித்த எண்ணெய். அவர் அந்த எண்ணெயை வாங்கிவந்து, தெளியவைத்து, துணியில் வடிகட்டி, ஈரம் போகக் காய்ச்சி ஊற்றுவார். டீசலில் கிளம்பி, எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் ஸ்விட்சைத் தட்டினால் எண்ணெயில் ஓடும். நிறுத்துவதற்கு இரண்டு கிலோமீட்டர் முன்பே மறுபடி டீசலுக்கு மாற்றிவிட வேண்டும். மறந்தால் குழாயில் தங்கும் எண்ணெய் ஆறியதும் கெட்டியாகி, அடுத்த முறை வண்டி கிளம்பாது. பாலக்கோட்டுக்குள் நுழையும் முதல் வேகத்தடை வந்ததும் அவர் கை தானாக அந்த ஸ்விட்சுக்குப் போகும். வழியில் திடீரென நிற்க நேர்ந்தால், ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுத்தான் அணைப்பார். கல்யாண வீட்டு வாசலில் பட்டுப்புடவையோடு காருக்குள் அந்த ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தவள் நான். எத்தனை கல்யாணம் என்று கேட்காதீர்கள்.

இறந்த அன்றைக்கு அவர் யாழினியைப் பொம்மிடியில் ரயிலேற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். கடத்தூருக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் காரை ஓரங்கட்டி நிறுத்தியிருக்கிறார். அங்கேயே முடிந்துவிட்டது. எங்களுக்குச் சேதி வந்ததெல்லாம் "சாய்ந்துவிட்டார்" என்ற ஒரு சொல்தான். காரை வீட்டுக்கு ஓட்டிவந்த என் தம்பி, சாவியைத் திருப்பியதுமே கிளம்பியது என்று சொன்னான். மெக்கானிக் ரஃபீக் பாயும் திறந்து பார்த்துவிட்டு, "லைன் சுத்தமா இருக்குதுக்கா. முறையா டீசல்லதான் நிறுத்தியிருக்காரு" என்றார்.

இந்தச் சொல்லைத்தான் ஆறு மாதமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். முறையாக நிறுத்தியிருக்கிறார் என்றால் வலி வந்திருக்காது. டீ குடிக்க நிறுத்துவதுபோல நிறுத்தி, இறங்கும்போது போயிருப்பார். "அப்பாவுக்கு வலிச்சிருக்குமாம்மா?" என்று யாழினி போனில் கேட்கும்போதெல்லாம் இதைத்தான் சொன்னேன். அவளுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கும் அது உண்மையாகிவிட்டது.

அவர் காய்ச்சி வைத்ததில் பத்து லிட்டர் கேன் ஒன்று மீதி இருந்தது. பொம்மிடி போய்வர எங்கள் மீட்டர்படி நூற்று இருபத்தாறு கிலோமீட்டர். சரியாகக் காணும். அந்தக் கார் போகும் இடமெல்லாம் முறுக்கு சுடும் வாசனை வரும். அப்பா கையால் காய்ச்சிய எண்ணெயின் வாசனை யாழினிக்கு ஒருமுறையாவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். காலேஜ் படிக்கும்போது, "ஸ்டேஷன் வாசலுக்கு வராதீங்கப்பா, தள்ளி நிறுத்துங்க" என்று வெட்கப்பட்டவள் அவள்தான்.

காலை 5.40-க்குக் கிளம்பினேன். பனி நன்றாக இருந்தது. கேனில் எண்ணெய் உறைந்து போயிருந்ததால், வெந்நீர் அண்டாவுக்குள் வைத்து இளக்கித்தான் ஊற்ற முடிந்தது. தக்காளி ஏற்றிய வண்டிகள் எதிரே வந்துகொண்டிருந்ததால் மெதுவாகத்தான் போக முடிந்தது. தருமபுரிக்குப் பாதி வழியில் ஸ்விட்சைத் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாக வாசனை உள்ளே வந்தது. தருமபுரி வரை அழுதுகொண்டுதான் ஓட்டினேன். அழுதுகொண்டே ஓட்டுவது ஆபத்து, நீங்கள் செய்யாதீர்கள். தருமபுரி தாண்டி ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டேன், முப்பத்தைந்து ரூபாய். எஞ்சினை அணைக்காமல் கடைக்காரர் கண்ணெதிரே நிறுத்தியிருந்தேன்.

கடத்தூர் தாண்டியதும் வேகத்தைக் குறைத்தேன். புளியமரம், அதற்கு எதிரே மோட்டார் கொட்டகை என்று தம்பி அடையாளம் சொல்லியிருந்தான். நிறுத்தி இறங்கினேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க அங்கே ஒன்றுமில்லை. சாலை ஓரம், அவ்வளவுதான்.

பால் கேன் கட்டிய பைக்கில் ஒருவர் என்னைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தார். ஐம்பது வயது இருக்கும். பெயர் முனியப்பன் என்று பிறகு சொன்னார்.

"ஏனுங்கம்மா, இது அன்னைக்கு இங்க நின்ன வண்டிதானுங்களே? முறுக்கு வாசன வந்துச்சு, அதான் திரும்புனன்."

நான் அவருடைய மனைவி என்று சொன்னேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பால் ஊத்திட்டு வூட்டுக்குப் போயிட்டிருந்தனுங்க. வண்டி இப்பிடித்தான் நின்ன எடத்துல ஓடிக்கிட்டு இருந்துச்சு. உள்ள ஒரு கைய நெஞ்சுல வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. வேர்வ ஊத்துது. ஒடம்பு முடியலீங்களான்னு கேட்டன். நெஞ்சு பிசையுதுப்பான்னாரு. பைக்குல ஏறுங்க, கடத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்னன்."

"ஏறலையா?"

"அஞ்சு நிமிசம் பொறுப்பான்னாரு. இப்பத்தான் டீசலுக்கு மாத்தினன், லைன்ல இருக்கற எண்ணெ எரிஞ்சு தீரட்டும், இல்லாட்டி அப்புறம் வண்டி கெளம்பாதுன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. வெவரமான மனுசன் சொல்றாரேன்னு நின்னுட்டன். அவரே நிறுத்தி, பூட்டி, சாவிய என் கையில குடுத்தாரு. பைக்குகிட்ட வந்தவரு அப்பிடியே சாஞ்சிட்டாருங்க."

முனியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கோணுமுங்க. ஆம்புலன்சுல வந்தவங்ககிட்ட எல்லாஞ் சொன்னன். வூட்டுல சொன்னாங்களோ என்னமோன்னு எனக்கு மனசே ஆறலீங்க."

"நீங்க இழுத்திருந்தாலும் அவர் வந்திருக்க மாட்டார்" என்றேன். அது ஆறுதலுக்காகச் சொன்னதல்ல. பதினெட்டு வருஷம் அந்த ஐந்து நிமிடத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். முனியப்பன் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நெஞ்சு பிசையும்போது வண்டி நாளைக்குக் கிளம்புமா என்று யோசிக்கிற மனிதரை என்ன சொல்வது? திட்டினேன். பொம்மிடி வரைக்கும் ஏழு கிலோமீட்டரும் பக்கத்து சீட்டில் அவர் இருப்பதுபோலத் திட்டிக்கொண்டே போனேன்.

ரயில் கொஞ்சம் தாமதமாக, 8.50-க்கு வந்தது. அவள் தள்ளி நிறுத்தச் சொன்ன அந்தப் பழைய இடத்தில் இல்லாமல், எஞ்சினை அணைக்காமல் காரை ஸ்டேஷன் வாசலிலேயே நிறுத்தியிருந்தேன். யாழினி வெளியே வந்தாள். என்னிடம் வரவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு, காரின் பின்பக்கம் போய்ப் புகைக்குழாய் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோக்காரர்கள் பார்த்தார்கள். அவளுக்கு அன்று வெட்கமாக இல்லை.

திரும்பும் வழியில் புளியமரத்தைத் தாண்டும்போது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. பாலக்கோடு நெருங்கும்போதுதான் விழித்தாள்.

"அம்மா, வேகத்தடை வந்துருச்சு. டீசலுக்கு மாத்தும்மா."

நான் ஸ்விட்சைத் தொடவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தி, எண்ணெயில் ஓடிக்கொண்டிருந்தபடியே சாவியைத் திருப்பி அணைத்தேன். "என்னம்மா பண்ற?" என்று அதிர்ந்து பார்த்தாள். காரிலிருந்து இறங்காமல், முனியப்பன் சொன்னதை எல்லாம் அவளிடம் சொன்னேன். வலிச்சிருக்குமா என்று அவள் அதன் பிறகு கேட்கவில்லை. என் மடியில் படுத்துக்கொண்டாள்.

இனி, இப்படிப் பயணம் செய்ய நினைப்பவர்களுக்கு. புதிய டீசல் கார்களில் இதை முயலாதீர்கள், பம்ப் போய்விடும். பழைய கார் என்றாலும் இப்படி மாற்றியமைக்க அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் எண்ணெயை இளக்காமல் ஊற்றாதீர்கள். எல்லா ரயிலும் பொம்மிடியில் நிற்காது, பார்த்து டிக்கெட் எடுங்கள். நிறுத்துமுன் டீசலுக்கு மாற்றுங்கள், அது நல்ல பழக்கம். ஆனால் நெஞ்சில் ஏதாவது செய்தால் அப்படியே அணைத்துவிட்டு, யார் வண்டி கிடைக்கிறதோ அதில் ஏறிப் போங்கள்.

மறுநாள் காலை எங்கள் கார் கிளம்பவில்லை. ரஃபீக் பாய் வந்தார். குழாயைக் கழற்றி, கெட்டியான எண்ணெயை வழித்து, ஃபில்டரை மாற்றினார். யாழினி பக்கத்திலேயே நின்று பார்த்தாள். ரிப்பேர் பெரிதா என்று கேட்டாள்.

"இதுல என்னாம்மா பெருசு" என்றார் அவர். "ஒரு மணி நேர வேலை."