மாமன் மடி

எனக்குக் காது குத்திய அன்று நான் பொய் எதுவும் சொல்லவில்லை. சொன்னது முழுக்க உண்மை. எழுபது வயது தாண்டியும் அது உறுத்திக்கொண்டிருப்பதற்குக் காரணமே அதுதான் என்று நினைக்கிறேன். பொய்யாக இருந்திருந்தால் அன்றைக்கே இரண்டு அடி வாங்கிக்கொண்டு மறந்திருப்பேன்.

பிள்ளைகளுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் ஒரே ஓர் அண்ணன். அந்த மாமாவுக்கு நடுக்குவாதம். இன்று பார்க்கின்சன் என்கிறோம். அப்போது எங்களில் யாரும் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. நடக்கும்போது அவர் கால் மேலெழும்பாது, தரையைத் தேய்த்துக்கொண்டு போகும். வலது கை சும்மா இருக்கவே இருக்காது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும். முருகனுக்கு வேண்டிக்கொண்ட காது குத்து ஏதேதோ காரணங்களால் தள்ளிப்போய், எனக்கு ஒன்பது வயதும் தங்கைக்கு நான்கு வயதும் ஆனபோதுதான் இருவருக்கும் சேர்த்து நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்தைய கோடை விடுமுறையில் வெள்ளகோவிலிலிருந்து திருப்பூருக்கு, மாமா வீட்டுக்கு என்னை அனுப்பினார்கள். காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. கம்பெனிகளிலிருந்து தைத்த பனியன்கள் மூட்டையாக வரும். தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிரை வெட்டி, மடித்து, டஜன் டஜனாகக் கட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். பிசிர் வெட்டுவது அத்தை. மடிப்பது மாமா.

அத்தை அவரை ஓய்வாக உட்கார விட்டு நான் பார்த்ததில்லை. பனியன் தீர்ந்தால் வெங்காயம், வெங்காயம் தீர்ந்தால் சிக்கு விழுந்த நூல்.

"ஏனுங்க, ஜமீன்தாராட்ட உக்காந்திருக்கறீங்க? இந்தாங்க, இத உரிங்க."

"கம்பெனி மொதலாளி கூட இப்பிடி வேல வாங்க மாட்டான் புள்ள."

"அந்த மொதலாளி உங்களுக்குச் சோறாக்கிப் போடுவானுங்களா?"

மாமாவுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அது மெதுவாகக் கிளம்பி, அத்தை அடுப்படிக்குப் போன பிறகுதான் முகத்துக்கு வந்து சேரும். அவள் அங்கிருந்தபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "சிரிச்சது போதும், உரிங்க" என்பாள்.

நோயாளியை இப்படி வேலை வாங்குகிற அத்தை கல்நெஞ்சக்காரி என்று நான் முடிவு கட்டினேன். ஊருக்குப் போனதும் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று மனதில் குறித்தும் வைத்துக்கொண்டேன்.

மத்தியானங்களில் ஒரு கூத்து நடக்கும். டீ குடித்து முடித்ததும், கட்டி வைத்த பனியன் கட்டு ஒன்றை எடுத்து அத்தை அவர் மடியில் வைப்பாள். அவர் அதை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அத்தை விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை ஊசி மாதிரி நீட்டிக்கொண்டு வருவாள்.

"ஆசாரி வந்துட்டாருங்க. ஆடாம புடிங்க."

"அழுவுதா?" என்று மாமா கேட்பார்.

"பனியன் எங்கீங்க அழுவுது? நீங்க அழுவாம இருந்தாச் சரி."

ஒரு நாள் என்னையும் கூப்பிட்டாள். "கண்ணு, கட்டுக்குப் பதிலா நீ வந்து செத்த நேரம் மாமா மடியில உக்காரேன்." ஒன்பது வயது ஆண்பிள்ளை மடியில் உட்காருவதா? தெருவுக்கு ஓடிவிட்டேன். ஓடியதோடு நிற்கவில்லை. கையை நடுங்க வைத்துக்கொண்டு, மடியில் ஒரு செங்கல்லை வைத்து, அந்தக் கூத்தைத் தெருப் பையன்களுக்கு நடித்துக் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று எனக்குக் கிடைத்த பெருமையை இப்போது எழுதுவதற்கே கூசுகிறது.

காது குத்து அன்று கோவில் மண்டபத்தில் பெரியப்பா முதலிலேயே ஆரம்பித்துவிட்டார். அம்மாவுக்குச் சித்தப்பா மகன் ஒருவர் உண்டு. அவரைச் சின்ன மாமன் என்போம். சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்திருந்தவர். கட்டில் மாதிரி அகலமான மடி. "அவரு மடியில வெச்சா என்னுங்க? அவரும் மாமன் மொறைதானுங்களே" என்றார் பெரியப்பா.

"எங்கண்ணன் இருக்கறாருங்க" என்று மட்டும் சொன்னாள் அம்மா.

மாமா புது வேட்டியில் மணைமேல் உட்கார்ந்திருந்தார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தது அவர் கையைத்தான். தொடைமேல் கிடந்த அந்தக் கை அன்று விரலோடு நிற்காமல் முழங்கை வரை ஆடியது. என்னை அவர் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். மாமாவின் கைகள் என்னைச் சுற்றி வருவதற்குள் எழுந்துவிட்டேன்.

"மாமாவுக்குக் கை நடுங்குது. காது கிழிஞ்சு போயிரும். நான் சின்ன மாமன் மடியில உக்காந்துக்கறேன்."

எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னேன். அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள்.

"உடு கண்ணு" என்று அம்மாவைத் தடுத்தார் மாமா. "பையன் உள்ளதத்தானே சொல்றான்."

சின்ன மாமனின் மடி இம்மியும் அசையவில்லை. அசைந்தது நான்தான். ஊசி காதில் பட்டதும் துள்ளினேன். என் இடது காதில் துளை இன்றைக்கும் கீழே இறங்கித்தான் இருக்கிறது.

அடுத்தது தங்கை. பெரியப்பா அவளைத் தூக்கிச் சின்ன மாமனிடம் கொடுக்கப் போனார். அத்தை குறுக்கே வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். யாரிடமும் கெஞ்சவில்லை, யாரோடும் வாதாடவில்லை. நேரே போய் மாமாவின் மடியில் வைத்தாள்.

"ஏனுங்க, கட்டு வந்திருக்குது. புடிங்க."

மாமாவின் கைகள் தங்கையைச் சுற்றி வந்தன. வலது கை ஒரு முறை உதறியது. பிறகு அடங்கியது. அடங்கியது அப்படியே நின்றது. கூட்டத்தில் யாரோ மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

"அழுவுதா?" என்றார் மாமா.

"இல்லீங்க. சமத்துக் கட்டு."

ஆசாரி இரண்டு காதையும் முடித்துவிட்டார். வாயில் வெல்லக்கட்டி இருந்ததால் தங்கை அழுவதா தின்பதா என்று யோசித்து, கடைசியில் தின்றாள். பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லாம் தன் ஏற்பாட்டின்படியே நடந்தது போல, "செரி, செரி, எலையப் போடுங்க" என்றார்.

அந்த நோயில் கை வெறுமனே கிடக்கும்போதுதான் அதிகம் நடுங்கும், எதையாவது பிடித்தால் பலருக்கு அடங்கும் என்று ஒரு மருத்துவர் எனக்குச் சொன்னது சமீபத்தில்தான், என் மனைவியின் கையைச் சோதித்துப் பார்த்துவிட்டு. அதுவரை நான், அன்பு என்று நினைத்துக்கொண்டு, கரண்டியிலிருந்து பூத்தொடுக்கும் நார் வரை எல்லாவற்றையும் அவளிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தேன். இப்போது எங்கள் வீட்டில் கீரை ஆய்வது அவள்தான். ஆய்ந்து முடிக்க நேரம் ஆகிறது. எட்டிப் பார்த்தால், "பசிச்சா ஓட்டலுக்குப் போங்க" என்று விரட்டுகிறாள். நன்றாகத்தான் இருக்கிறோம். பிடுங்கி வைத்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மாமாவிடம் கேட்கவில்லை. அவர் அதன் பிறகும் பல வருடம் இருந்தார், பனியன் மடித்துக்கொண்டுதான் இருந்தார். எனக்குத்தான் வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் எல்லோரும் பஸ்ஸில் திரும்பினோம். மாமாவும் அத்தையும் எனக்கு முன் சீட்டில். களைப்போ என்னவோ, அவர் கை நான் பார்த்ததிலேயே மோசமாக ஆடியது. அத்தை மடியில் மடிக்காத துண்டுகளும் உதிர்ந்த வெற்றிலைகளும் ஒரு பை நிறைய இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவரிடம் கொடுக்கவில்லை. அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு வேல முடிஞ்சுதுங்க. ஆடட்டும், உடுங்க."

கையோடு சேர்ந்து அவள் கைகளும் ஆடின, வளையல்களும் ஆடின. பஸ்ஸில் இத்தனை பேர் நடுவில் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று. நடுக்கம் யார் கண்ணிலும் படக்கூடாதென்று அத்தை மூடி வைக்கிறாள், ஆகவே மண்டபத்தில் நான் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டு, வலிக்கிற காதைப் பொத்தியபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.