றெஜினா மச்சாள் சோடித்த முகங்கள்

றெஜினா மச்சாள் காலமான செய்தி தந்தியில் வந்தது. மன்னாரில் எங்கள் வீட்டு வாசலில் தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தியபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். என் கணவர்தான் வாங்கிப் படித்தார். "அக்கா போயிட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

அல்லைப்பிட்டியில் அவரை மணப்பெண் சோடிக்கும் றெஜினா அக்கா என்றுதான் எல்லோரும் அறிவார்கள். கொழும்பில் குடியிருந்த காலத்தில், பக்கத்து வீட்டுப் பறங்கிப் பெண்மணியிடம் பழகிய வேலை அது. இதை வாசிக்கும் உங்களில் சிலருடைய கல்யாணப் படத்தில் இருப்பதும் அவர் கைபட்ட முகந்தான். எனக்கு அவர் மச்சாள், என் கணவரின் தமக்கை. என் கல்யாணத்தன்று காலையில்தான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன்.

அன்று எங்கள் ஊரான நெடுந்தீவிலிருந்து ஊர்காவற்றுறைக்கு வள்ளத்தில் வந்தோம். கடலைக் கொந்தளிக்க வைக்கும் கச்சான் காற்று வீசுகிற காலம். வீட்டில் அம்மா பூசிவிட்ட பவுடர் கடல்தண்ணீர் பட்டுத் திட்டுத்திட்டாகிவிட்டது. கடல் ஒத்துக்கொள்ளாமல் வழி முழுக்கச் சத்தி எடுத்தேன். அங்கிருந்து காரில் போய் அல்லைப்பிட்டியில் மாப்பிள்ளை வீட்டில் இறங்கியதும், மாப்பிள்ளையின் பெரியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டைக்கு ஏதோ வருத்தம், நோயை மறைத்துவிட்டார்கள் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

மச்சாள் என்னை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"உமக்கு ஏதும் வருத்தமோ? சொல்லும். களைப்பெண்டால் நான் மாத்துவன். வருத்தத்தை மூடிப் பூசமாட்டன்."

சில மாதங்களுக்கு முன் எனக்குக் கண்ணும் தோலும் மஞ்சளாகிச் செங்கமாரி வந்து சுகமாகியிருந்தது. கல்யாணம் குழம்பிவிடும் என்று அப்பா யாரையும் வாய் திறக்க விடவில்லை. நான் மச்சாளிடம் சொன்னேன். அவர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "தம்பிக்குச் சொல்லிப்போட்டு வாறன்" என்று எழும்பிப் போய்விட்டார். அதே வள்ளத்தில் அதே கடலைக் கடந்து திரும்பிப் போகவேண்டும் என்பதுதான் எனக்கு முதலில் நினைவில் வந்தது.

இஞ்சி போட்ட தேத்தண்ணியோடு மச்சாள் திரும்பி வந்தார்.

"சுகமாயிட்டுதெண்டால் பிறகென்ன, அவவுக்குக் குடிக்க ஏதும் குடுத்தனியோ எண்டு கேக்கிறான்."

அப்போதுதான் அழுதேன். அழுது முடியட்டும், பிறகு தொடங்குவோம் என்று அவர் பக்கத்தில் இருந்தார்.

சவர்க்காரம் போடாமல் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரில் என் முகத்தைக் கழுவித் துணியால் ஒற்றினார். ஒரு துளி தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து முகத்தில் பரப்பி, மிஞ்சியதைத் துடைத்தார். பவுடரில் சந்தனத்தூள் கலந்து என் நிறத்துக்குக் கொண்டுவந்து, மெல்லப் பூசி, ஈரத்துணியால் அழுத்தினார். சிரிக்கச் சொன்னார். கன்னம் எழும்பிய இடத்தில் உதட்டுச்சாயத்தை விரல்நுனியால் தொட்டு, ஓரம் தெரியாமல் தேய்த்துவிட்டார். மூக்குத்தண்டில் பவுடரே வைக்கவில்லை. அங்கே வெளிச்சம் படட்டும் என்றார். கண்ணாடியில் பார்த்தபோது நன்றாக நித்திரை கொண்டு எழும்பிய முகமாக இருந்தது. நிறம் என்னுடையதேதான்.

இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்கினால் என்ன என்று பெரியம்மா கேட்டார். "வெள்ளை அடிக்கிறது சுவருக்கு, பெரியம்மா" என்றார் மச்சாள். கோயிலில் பூசை முடிந்த கையோடு செங்கமாரிக் கதையையும் அவரே பெரியம்மாவிடம் சொல்லிவிட்டார். பெரியம்மா கனகாலம் எங்களோடு கதைக்கவில்லை.

சோடிக்கப் போகும் வீடுகளிலெல்லாம் முதலில் கதவைச் சாத்திவிட்டுப் பெண்ணிடம் இப்படிக் கேட்பது அவர் வழக்கம் என்று பின்னர் அறிந்தேன். வேலணையில் ஒரு பெண், தனக்கு இந்தக் கல்யாணத்தில் விருப்பமில்லை என்றாள். மச்சாள் பவுடர்ப் பெட்டியை மூடிவைத்துவிட்டுத் தகப்பனை உள்ளே கூப்பிட்டார். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. அதற்குப் பிறகு சில வீடுகள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டன. "கூப்பிடாட்டில் என்ன, எனக்கும் வீட்டில வேலை கிடக்கு" என்பார்.

அடக்கம் முடிந்து மன்னாருக்குத் திரும்பிய அடுத்த கிழமை எங்கள் மகளைப் பெண்பார்க்க வந்தார்கள். அவளுக்குச் சிறுவயதிலிருந்தே மூச்சு இழுப்பு உண்டு. வந்தவர்கள் இருந்து தேத்தண்ணி குடிக்குமுன்பே அதைச் சொல்லிவிட்டேன். கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், மகளின் முகத்தைக் கழுவச் சொல்லி, பவுடரை அவள் நிறத்துக்குக் கலந்தேன். சொல்லிவிட்டுப் பூசுகிற அந்த ஒழுங்குதான் மச்சாளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது. வந்தவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.