பாட்டரிக்குப் பூசிய சந்தனம்

போன வாரம் ஆயுத பூஜை. நீங்கள் என்ன செய்தீர்கள்? அரிவாளுக்குப் பொட்டு, தையல் மெஷினுக்குப் பொட்டு... அவ்வளவுதானே?

நான் அப்படியா? ரப்பர்க் காட்டில் பால் வாளி தூக்கியவன். படிப்பு இரண்டாம் வகுப்பு, அதுவும் பாதி. இன்றைக்கு ஜொகூர் பாருவில் இரண்டு வாடகைக் கார்! சும்மா பொட்டு வைத்தால் போதுமா? பாட்டரிக் கம்பிகளைக் கழற்றி, ஈய முனை இரண்டிலும் சந்தனம் அப்பி, அதன்மேலேயே கம்பிகளை முடுக்கினேன். இந்த ஊரில் வேறு எவனுக்கு இந்த பக்தி உண்டு?

மறுநாள் காலை, உலு திராம் தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதும் குமாஸ்தா, பெட்டியோடு வந்து நின்றார். மத்தியானம் சிங்கப்பூரில் நாகப்பட்டினம் கப்பல். ஆறு வருஷம் கழித்துக் கிடைத்த லீவு... ஊரில் அவருக்குக் கல்யாணம். கப்பலை விட்டால் பெண்ணையும் விட்ட மாதிரிதான்.

ஸ்டார்ட்டரை மிதித்தேன். கார் மூச்சு விடவில்லை. ஹேண்டில் போட்டுச் சுற்றினேன் — தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். இன்னொரு கார் சிகாமட் போயிருந்தது.

"என்ன அண்ணே?"

"பாட்டரி செத்துப்போச்சு. சார்ஜ் ஏத்திட்டா பறக்கும்!"

"எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு ராத்திரி."

"அலமாக்! ஐயையோ, கப்பல் போயிடுமே!"

ஆளுக்கொரு பக்கம் பாட்டரியைத் தூக்கிக்கொண்டு, சார்ஜ் போடும் சீனர் கடைக்கு ஓடினோம். அவர் மூடிகளைத் திறந்து, கண்ணாடிக் குழாயால் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தார். உள்ளே மிதவை நன்றாக மேலே நின்றது. மூன்று அறையிலும் அப்படியே.

"சார்ஜ் நிறைய இருக்கு லா."

"உன் குழாய்தான் கெட்டுப்போச்சு. எனக்கா பாட்டரி சொல்லித் தர்றே? சார்ஜ் போடு!"

அவர் ஈய முனையைத் தடவி, விரலை மோந்தார். "இது என்ன தம்பி?" எனக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருக்கு எல்லாத் தமிழனும் தம்பி.

"சந்தனம். சாமிக்கு."

"அப்போ சாமியையே காரைத் தள்ளச் சொல்லு." காய்ந்த சந்தனத்தைக் கத்தியால் சுரண்டிப் போட்டார். "பத்தேரி பெனோ. கப்பாலா கோசோங்."

பாட்டரி நிறைந்திருக்கிறதாம், என் மண்டைதான் காலியாம்! நான் வாயைத் திறப்பதற்குள் கிராணி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

பாட்டரியைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடிவந்து, கம்பி முனைகளிலும் சந்தனத்தைச் சுரண்டிவிட்டு மாட்டினேன். ஒரே மிதி... உறுமியது. சிங்கப்பூர்ப் பாலத்தில் நான் விட்ட வேகத்தில் கிராணி கண்ணைத் திறக்கவே இல்லை. முருகா, முருகா என்று ஒரே முனகல். துறைமுகத்தில், கப்பலுக்கு ஆள் ஏற்றிப் போகும் கடைசிப் படகு கிளம்பும்போது பெட்டியோடு தாவி ஏறினார். தூரத்திலிருந்து ஏதோ கத்தினார் — நன்றியா, திட்டா? காதில் விழவில்லை.

சந்தனம் பூசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கரண்ட் போகிற வழியை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஆனால் ஒன்று — அன்றைக்கு வேறு எவனாவது ஓட்டியிருந்தால், அந்தக் கல்யாணம் நின்றிருக்கும்!